பிரிசிக்கு என்ன வாங்குவது?

நவம்பர் 28

வாடகை அறையைப் பூட்டி, துணிப் பையையும் மருந்துப் பெட்டியையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வாசலில் ஆட்டோ நின்றது. லிடியா அக்கா ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் பயப்படக் கூடாதென்று முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தாள். உதட்டின் நீலத்துக்குப் பவுடர் என்ன செய்யும்?

"சின்ன ஆபரேஷன்தான். கிறிஸ்மஸுக்குள்ள வந்துருவேன். சித்தி சொன்னபடி கேக்கணும், என்ன?"

இதய வால்வை மாற்றுவது சின்ன ஆபரேஷன் இல்லை. மாட்டு டாக்டரான எனக்கே அது தெரியும். ஆனால் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம் என்பது அத்தானின் கட்டளை. அக்காவோடு அவரும் சென்னைக்குப் போகிறார். ஆபரேஷன் முடிந்து திரும்பும்வரை வீடும் பிள்ளைகளும் என் பொறுப்பு.

பிரிசில்லாவுக்குப் பதினாலு வயது. ஆசேருக்கு ஒன்பது. தபித்தாவுக்கு நாலு. ஆட்டோ தெருமுனையில் திரும்பும்வரை மூவரும் கை காட்டினார்கள். பிறகு தபித்தா என்னை மேலும் கீழும் பார்த்து, "சித்தி, ஒங்க மேல மாட்டு வாசன வருது," என்றாள்.

குளித்தேன்.

டிசம்பர் 1

காலையில் இட்லி, மூன்று டிபன் பாக்ஸ், இரண்டு சடை. அரைப் பரீட்சை நெருங்குவதால் பிரிசி எழுந்ததிலிருந்து புத்தகமும் கையுமாக இருக்கிறாள். நான் பக்கத்து ஊர் கால்நடை மருந்தகத்துக்குப் போய், இரண்டு ஆடு, ஒரு எருமை, கால் ஒடிந்த நாய் எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது தபியைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டி வருகிறேன். நாற்பத்தோரு வயதுவரை எனக்கு மட்டுமே சமைத்தவள் நான். அளவு இன்னும் பிடிபடவில்லை. இன்றைக்குச் சாம்பார் ஒரு கல்யாணத்துக்குக் காணும்.

மாலையில் அக்கா போன் பண்ணினாள். எப்போதும் அக்டோபரிலேயே பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் பரிசு வாங்கி ஒளித்து வைத்துவிடுவாளாம். இந்த வருஷம் முடியவில்லை.

"நீ வாங்கிரு பியூலா."

"என்னக்கா வாங்க?"

"பிள்ளைங்களப் பாரு. பாத்தாத் தெரியும்."

இந்த வீட்டில் ஒரு பழக்கம். கிறிஸ்மஸ் அன்று விடியற்காலை ஆராதனைக்கு எழுப்பும்போது ஒவ்வொரு தலையணைப் பக்கத்திலும் ஒரு பொட்டலம் இருக்கும். யார் வைத்தது என்று யாரும் கேட்கக் கூடாது.

மாட்டைப் பார்த்தால் எனக்குத் தெரியும். பிள்ளைகளைப் பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது?

டிசம்பர் 3

நேரடியாகக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். தப்பு.

ஆசேர் முதலில் பேட் என்றான். சாப்பிடும்போது ட்ரோன் என்றான். கை கழுவும்போது, "நீங்க எது வாங்கினாலும் சரி சித்தி," என்றான். ஒன்பது வயதுப் பையன் பேசுகிற பேச்சா இது? தபி, ஐஸ் வேண்டும் என்றாள். கிறிஸ்மஸ்வரை ஐஸ் தாங்காது என்றதும் நீண்ட நேரம் யோசித்து, பெரிய ஐஸ் வேண்டும் என்றாள்.

பிரிசி தலையைத் தூக்காமலே, "எனக்கு அம்மா வந்து வாங்கித் தருவாங்க," என்றாள்.

தபியைக் கூட்டிக்கொண்டு வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய பொம்மைக் கடைக்குப் போனேன். "எத்தன வயசு மேடம்?" என்று கேட்டார்கள். வயதுவாரியாகத் தட்டு வைத்திருக்கிறார்கள். நாலுக்கு ஒரு தட்டு, ஒன்பதுக்கு ஒரு தட்டு. பதினாலுக்குத் தட்டே இல்லை. கண் திறந்து மூடும் பொம்மையைக் காட்டியதும் தபி என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அது என்னயப் பாக்குது சித்தி. வேண்டாம்."

அவளுக்குப் பிடித்தது கண்ணாடி அலமாரியில் தொங்கிய பூட்டு. அதை ஆட்டிக்கொண்டே நின்றவளைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

வெறுங்கையோடு திரும்பினோம். வழியில் ஐஸ் சாப்பிட்டோம்.

டிசம்பர் 5

அக்காவுக்குக் காய்ச்சல். அது தணியும்வரை ஆபரேஷன் இல்லை. கிறிஸ்மஸுக்குள் வர முடியாது என்று அத்தான் சொன்னார். பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை.

டிசம்பர் 8

ஆசேரைக் கவனித்தேன். வீட்டுக்குள் அவன் நுனிக்காலில் நடக்கிறான். கதவைச் சாத்தும்போது இரண்டு கையாலும் பிடித்து, பூனை மாதிரி சாத்துகிறான். தட்டு கழுவுகிறவன், சத்தம் வராமலிருக்கத் துணியை விரித்து அதன்மேல் கவிழ்க்கிறான். நானும் இத்தனை நாள், எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏலே, ஏன் திருடன் மாதிரி நடக்க?"

"சத்தம் போட்டா அம்மாவுக்கு நெஞ்சு படபடங்கும் சித்தி."

"அம்மாதான் இங்க இல்லியே."

"வந்துருவாங்கல்லா. அதுக்குள்ள மறந்துரக் கூடாது."

அவனுடைய ஒரு சட்டையில் பொத்தான் போயிருந்தது. தைத்துக் கொடுத்தேன். காலையில் அவன் போர்வை நனைந்திருப்பதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. பிரிசி எழுவதற்கு முன் அலசிப் போட்டுவிடுகிறேன்.

டிசம்பர் 11

ஞாயிறு. ஆராதனை முடியும்போது மழை. குளிருக்கு அக்காவின் ஊதா சால்வையைப் போர்த்திக்கொண்டு போயிருந்தேன். போர்ட்டிகோவில் ஜெபமணி மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தானின் அக்கா. நல்ல மனுஷி, ஆனால் அவளுக்கு ரகசியம் சொல்லத் தெரியாது. அவள் மெதுவாகப் பேசினால் பாடகர் வரிசைக்குக் கேட்கும்.

"ஏட்டி பியூலா, கர்த்தர் கைவிட மாட்டார். ஆனாலும் சொல்லுதேன். ஏதாவது ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, வெளிய எதுக்குப் பொண்ணு தேடணும்? சொந்தச் சித்தி நீ இருக்க. நீயும் எத்தன நாளைக்குத் தனியாக் கெடப்ப?"

மழை பற்றி ஏதோ சொன்னேன் என்று நினைக்கிறேன்.

திரும்பினால் பிரிசி குடையோடு பின்னால் நின்றாள். இரைச்சலில் கேட்டிருக்காது.

வீட்டுக்கு வந்ததும், "அது அம்மாவோட சால்வ," என்றாள். கழற்றிக் கொடுத்தேன். மடித்து, பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

டிசம்பர் 12

பிரிசி மூன்று வேளையும் ரொட்டி சாப்பிட்டாள். நான் வைத்த குழம்பைத் தொடவில்லை. வயிறு சரியில்லையாம்.

தம்பி தங்கையைத் தூங்கவைத்துவிட்டு வந்து கேட்டாள். "சித்தி, ஒங்க ரூமுக்கு வாடக குடுத்துட்டுத்தான இருக்கீங்க? எப்பப் போவீங்க?"

அடுப்பில் பால் பொங்கிவிட்டது. துடைக்க நேரமாயிற்று.

டிசம்பர் 13

தபிக்கு வாங்கியாயிற்று. மார்க்கெட்டில் ஓர் இரும்புக் கடையில் சின்னத் தகரப் பெட்டி ஒன்று, பச்சை நிறம், மூடியில் ரோஜாப்பூ. கூடவே நல்ல கனமான பித்தளைப் பூட்டும் சாவியும். "என்ன வைக்கதுக்கும்மா?" என்று கடைக்காரர் கேட்டார். "நாலு வயசுப் பிள்ள என்ன வைக்குமோ அது," என்றேன். சாவியில் கோக்கச் சிவப்புக் கயிறு ஒன்றை அவராகவே கொடுத்தார்.

ஆசேருக்கும் முடிவு பண்ணிவிட்டேன். ஜங்ஷனில் வாத்தியக் கடை ஒன்று இருக்கிறது. கழுத்தில் மாட்டி இரண்டு குச்சியால் அடிக்கிற டிரம். கிறிஸ்மஸ் பாட்டுப் பாடி வீடு வீடாகப் போகிற கேரல் ரவுண்ட்ஸில் பெரிய பையன்கள் வைத்திருப்பார்களே, அதைவிடக் கொஞ்சம் சின்னது. கடையில் நானே ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். தெருவே திரும்பியது. சரியான சாமான்.

இரண்டையும் மருந்தகத்தில் தடுப்பூசிப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

பிரிசிக்கு என்ன வாங்குவது? கைக்கடிகாரம் பார்த்தேன். சுடிதார் துணி பார்த்தேன். தோல் அட்டை போட்ட புது வேதாகமம்கூடப் பார்த்தேன். எதை எடுத்தாலும் அவள் முகம் எதிரில் வந்து நிற்கிறது. நான் எதைக் கொடுத்தாலும் அவளுக்கு அது அம்மா இடத்துக்கு நான் கட்டுகிற முன்பணம்.

கேட்டிருக்கிறாள். அன்றைக்கு மழையில் மதினி சொன்ன எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

டிசம்பர் 14

அத்தான் போன். காய்ச்சல் விட்டுவிட்டது. இருபதாம் தேதி ஆபரேஷன். "கையெழுத்துப் போட்டுட்டேன் பியூலா," என்றார். என்ன வால்வு வைக்கிறார்கள் என்று நான் கேட்டேன்.

போனை வைத்துத் திரும்பினால், அடுக்களை வாசலில் பிரிசி.

"வால்வுன்னா என்ன சித்தி?"

சும்மா, ஒன்றுமில்லை, போய்ப் படி. இந்த மூன்றும் வாய்வரை வந்தன. அவள் சின்னப் பிள்ளை மாதிரி நிற்கவில்லை. அடி வாங்கத் தயாராக நிற்கிறவள் மாதிரி நின்றாள்.

"அம்மா செத்துப் போயிருவாங்களா? அதுக்குத்தான் நீங்க வந்தீங்களா?"

அடுப்பை அணைத்தேன். தரையில் உட்கார்ந்து, அவளையும் உட்காரச் சொன்னேன். சொல்லிவிட்டேன். நெஞ்சுக்குள் ரத்தம் ஒரே பக்கமாகப் போவதற்குக் கதவு மாதிரி ஒன்று இருக்கிறது. அம்மாவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அது கெட்டுப்போய், இப்போது சரியாக மூடுவதில்லை. அதை எடுத்துவிட்டுப் புதிது வைக்கப் போகிறார்கள். நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டும். கிறிஸ்மஸுக்கு அம்மா வீட்டில் இருக்க மாட்டாள்.

"பொழச்சிருவாங்களா?"

"நெறயப் பேரு பொழச்சு நல்லா இருக்காங்க. எல்லாரும் பொழைப்பாங்கன்னு சொன்னா அது பொய்யாயிரும். ஒங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தரையில் சிந்தியிருந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஆபரேஷனுக்கு முன்னால நான் அம்மாவப் பாக்கணும்."

"கூட்டிட்டுப் போறேன்."

யாரையும் கேட்காமல் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 15

அத்தான் கத்தினார். பிள்ளை பயந்துவிடுவாள், பரீட்சை இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கெல்லாம் அவளை எதற்கு. "ஏற்கெனவே பயந்துட்டா அத்தான். தனியாப் பயந்துட்டு இருக்கா," என்றேன். பதினாறு வருஷத்தில் அவரை எதிர்த்து நான் பேசிய முதல் வார்த்தை. பிறகு, எந்த ரயில் என்று மட்டும் கேட்டார்.

பள்ளியில் போய்ச் சொன்னேன். சமூக அறிவியல் பரீட்சையை ஜனவரியில் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். தட்கலில் நாளைக்கு இரண்டு டிக்கெட் கிடைத்தது. சின்னவர்களை யார் பார்ப்பது? வேறு வழியில்லாமல் ஜெபமணி மதினி வீட்டுக்குப் போனேன். காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் துணியை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

"நீ போ. தபி என்கிட்ட இருப்பா. அந்தப் பய சாப்பிடுவானா, இல்ல மேஞ்சிட்டே இருப்பானா?"

அவள்மேல் கோபப்படுவது எளிதாக இல்லை.

டிசம்பர் 17

சென்னை. ரயிலில் பிரிசி ஜன்னலோரம் படுத்துவிட்டாள். நான் கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தைக் காலையில், ஆறிப்போனதை, கேட்காமலே எடுத்துச் சாப்பிட்டாள். வார்டுக்கு வெளியே தண்ணீர்க் குழாயில் முகம் கழுவி, தலையை வாரிவிடச் சொன்னாள்.

அக்கா மெலிந்திருந்தாள். பிரிசியைப் பார்த்ததும் முதலில், "பரீட்ச?" என்றாள்.

"போகட்டும்மா."

அவ்வளவுதான். அக்கா கையை நீட்டினாள். பிரிசி கட்டிலில் ஏறி, ட்ரிப்ஸ் குழாய் இல்லாத பக்கமாக, அந்தக் கைக்கு அடியில் படுத்துக்கொண்டாள். நர்ஸ் வந்தவள் அதட்ட வாய் திறந்து, பிறகு திரையை மட்டும் இழுத்துவிட்டுப் போனாள்.

வெகுநேரம் கழித்து பிரிசி சொன்னாள். "அம்மா, ஜெபமணி அத்த சித்திட்ட ஒண்ணு சொன்னாங்க. நான் கேட்டேன்."

நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன்.

"இரி பியூலா," என்றாள் அக்கா. "அது அத்த சொன்னது இல்ல பிரிசி. நான் சொன்னது. கெளம்புறதுக்கு முந்தின நாள் நான்தான் மதினிட்டச் சொன்னேன். எனக்குப் பயமா இருந்திச்சு. ஒங்க மூணு பேரையும் யாராவது தெரியாதவங்க வந்து... அதான். சித்திக்கு ஒண்ணும் தெரியாது."

அத்தான் பிளாஸ்க் மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். அவருக்கும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

எனக்கு அழுகை வர வேண்டியது. கோபம் வந்தது.

"அக்கா, பிள்ளைங்களுக்கு நான் இருக்கேன். என்ன ஆனாலும் இருப்பேன். இன்னைக்கு மாதிரியே சித்தியா இருப்பேன். அதுக்கு மேல என்னய யாரும் ஒண்ணும் ஆக்க வேண்டாம். நீயும் ஆக்க வேண்டாம். நீ பொழச்சு வந்து ஒன் வீட்ட நீ பாரு."

வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். அத்தான் மெதுவாக மூடியைத் திருகிக்கொண்டே, "என்னயும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்," என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, நாங்கள் மூவரும் பதறி அவளைத் தூக்கி உட்காரவைத்தோம். உட்கார்ந்தும் சிரித்தாள். பிரிசி அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே என் கையையும் பிடித்திருந்தாள். அது அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ.

டிசம்பர் 19

ஊருக்கு நான் மட்டும் திரும்பினேன். பிரிசி அங்கேயே இருக்கிறேன் என்றாள். அக்காவும் சரி என்றாள். ஆச்சரியம், அத்தானும் சரி என்றார். ஆஸ்பத்திரி வாசல்வரை பிரிசி என்னோடு நடந்து வந்தாள். யார் யாரிடம் என்ன கேட்க வேண்டும், அம்மாவுக்கு எப்போது கஞ்சி, அப்பாவை எப்படிச் சாப்பிடவைப்பது எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஆட்டோ ஏறும்போது, "தம்பி போர்வய நீங்க அலசுறது எனக்குத் தெரியும் சித்தி. நான் அவன்கிட்டக் கேக்கல்ல," என்றாள்.

ஆசேரிடமும் சொல்லிவிட்டேன், அவன் வயதுக்குத் தக்கபடி. அம்மா நெஞ்சைச் சரிபண்ணுகிறார்கள், நாள் எடுக்கும், நீ ஓடினாலும் சத்தம் போட்டாலும் அதனால் ஒன்றும் ஆகாது, முன்பும் அதனால் ஆகவில்லை. கடைசியில் சொன்னதை இரண்டாம் முறை சொல்லச் சொன்னான். சொன்னேன்.

டிசம்பர் 20

அக்காவைக் காலையில் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

வேலைக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியாது. முதல் ஈற்றுக் கிடேரி ஒன்றுக்கு வயிற்றில் கன்று குறுக்கே கிடந்தது. தோள்வரை கையை விட்டுத் திருப்பிக்கொண்டிருக்கும்போது பைக்குள் போன் அடித்தது. எடுக்க முடியாது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மாட்டுக்காரர், "எடுக்கட்டுமா டாக்டரம்மா?" என்றார். வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை.

கன்று வந்து விழுந்தது. தும்மியது. கையைக்கூடக் கழுவாமல் போனை எடுத்தேன்.

"முடிஞ்சிட்டு சித்தி. நல்லா முடிஞ்சிட்டுன்னு டாக்டர் சொன்னாரு. சித்தி? சித்தி, கேக்குதா?"

கேட்டது.

டிசம்பர் 22

மூச்சுக்காக வாயில் வைத்திருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். அக்கா தானாக மூச்சு விடுகிறாள். தண்ணீர் கேட்டாளாம்.

ஜெபமணி மதினி இன்னும் போகவில்லை. முறுக்கு சுடுகிறாள். சென்னையில் நடந்த பேச்சை அவளிடம் சொல்லவில்லை. அவளும் அந்த மழைநாள் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மத்தியானம் மாவு பிசைந்துகொண்டே, "எனக்கு வாய் கொஞ்சம் நீளந்தான் பியூலா," என்றாள். நான் எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்த்தேன்.

டிசம்பர் 25

விடியுமுன் எழுப்பினேன். தபி பெட்டியைத் திறந்தாள், பூட்டினாள், திறந்தாள், பூட்டினாள். சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் ஆராதனைக்கு வந்தாள். போதகர் ஐயர் ஆசீர்வாதம் சொல்லும்போதுகூட அதைப் பிடித்திருந்தாள். பெட்டிக்குள் இப்போது இருப்பவை: பாதி முறுக்கு, என் பேனா, அவள் அப்பாவின் ஒரு சாக்ஸ்.

ஆசேர் டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"அடிலே."

"இங்கயா சித்தி? வீட்டுக்குள்ளயா?"

"பின்ன? வீட்டுக்குத்தான் வாங்கினேன்."

முதல் அடி விரல் நுனியால். இரண்டாவது குச்சியால். ஆராதனை முடிந்து வந்த பிறகு அவன் நிறுத்தவே இல்லை. எதிர்வீட்டுக்காரர் கிறிஸ்மஸ் வாழ்த்து சொல்ல வந்து, காதைப் பொத்திக்கொண்டே கேக் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பிரிசியின் தலையணைப் பக்கத்தில் ஒன்றும் வைக்கவில்லை. கடைசிவரை அவளுக்கு நான் எதுவும் வாங்கவில்லை.

பத்து மணிக்கு அவளே போன் பண்ணினாள். அம்மாவை வார்டுக்கு மாற்றியாயிற்று. காலையில் அரை இட்லி. தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், இவள்தான் பிடித்துக்கொள்கிறாள். நர்ஸ் பேசுகிற மாதிரி வரிசையாகச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பா வராண்டால நின்னு அழுதுட்டே இருக்காங்க சித்தி. எல்லாம் சரியாயிட்ட பெறவு எதுக்கு அழணும்? நான் என்ன செய்ய?"

"அழட்டும்ட்டி. பக்கத்துல போய் நில்லு. ஒண்ணும் பேசாண்டாம்."

"சரி." பிறகு, "சித்தி, அம்மா வந்த பெறவும் நீங்க கொஞ்ச நாள் இருப்பீங்களா? தபியக் குளிப்பாட்டணும், அம்மாவுக்கு வெந்நி வைக்கணும். எனக்குத் தனியாக் கஷ்டம்."

லீவு இருக்கிறதா பார்க்கிறேன் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இருக்கேன்," என்றேன்.

போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். பிரியாணிக்கு அரிசி களைந்துகொண்டிருந்த ஜெபமணி மதினி என் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"ஏட்டி, என்ன? லிடியாவுக்கு என்ன?"

"நல்லா இருக்கா மதினி. இட்லி சாப்பிட்டாளாம்."

"இட்லி சாப்பிட்டாளா?" என்று கேட்டவள், அரிசிப் பாத்திரத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு என் தோளில் முகத்தை வைத்தாள். வெளியே டிரம் முழங்கிக்கொண்டிருந்ததால் நாங்கள் எவ்வளவு சத்தம் போட்டோம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. இரண்டு பேரும் நன்றாக அழுதோம். பிறகுதான் வெங்காயம் உரித்தோம்.